காணாமற்போன பீங்கான் பிள்ளை

அபுந்தியோ சாசுவேத்தா என்பது அவருடைய பெயர். வாசற்பலகையிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே, 'துப்பறிவாளர். இழந்தவை மீட்டுத் தரப்படும்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. எல்லையோர ஊராகிய லோஸ் அல்கோதோனெசில் மக்கள் இழப்பது பெரும்பாலும் பல்வரிசைகளையே ஆதலால், அவருடைய தொழிலும் பெரும்பாலும் பல்வரிசைகளைத் தேடுவதாகவே அமைந்துவிட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து பல் கட்டிக்கொள்ள வரும் முதியவர்கள், புத்தம்புதிய பற்களை விடுதிக் குவளையிலும், டாக்சி இருக்கையிலும், ஒருமுறை வறுத்த மீன் வைத்த காகிதப் பையிலும் விட்டுச் சென்றதுண்டு. அவை யாவற்றையும் அவர் மீட்டுக் கொடுத்திருக்கிறார்.

எந்தக் கதவைத் தட்டினாலும் பல் மருத்துவர் ஒருவர் வந்து திறக்கும் அவ்வூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும், அவர் ஒருவரிடமும் வாயைத் திறந்து காட்டியதில்லை. சோடாப் புட்டியின் மூடியைப் பல்லாலேயே கழற்றுவார். பனிக்கட்டியைக் கடித்து நொறுக்குவார். ஆழ்ந்து சிந்திக்க வேண்டுமாயின், பெக்கான் கொட்டையை ஓட்டோடு வாயிலிட்டு உடைப்பார். "கடவுள் குடுத்த கருவி. பெட்டியில வெச்சுப் பூட்டவா?" என்று கேட்பார்.

அவருடைய உதவியாளர் ரோசாரியோ. ஊரார் வாயில் சாயோ. அவர் கண்டுபிடிப்பதை எழுதி வைப்பதும், அவர் கண்டுபிடிக்கத் தவறியதைக் கண்டுபிடித்து அவருடைய பெயரில் எழுதி வைப்பதும் அவளுடைய பணி. சில வாரங்களாக மேசைமேலிருந்த பெக்கான் கிண்ணம் குறையாமல் தூசி படிந்து கிடந்ததை அவள் கவனித்திருந்தாள். 'விலை ஏறிவிட்டது போலும்' என்று எண்ணி அதை மறந்தும் விட்டாள்.

பிப்ரவரி முதல் தேதி காலை, ரொட்டிக்கடைக் கசில்தா அம்மாள், ஊரார் மரியாதையில் தோன்யா கசில்தா, முழங்கை வரை மாவோடு மாடிப்படி ஏறி வந்தார். நாற்காலி முனகியது. அவர் அதைவிட உரக்க முனகினார்.

"தோன் அபுந்தியோ, என் பேரைக் கெடுத்துட்டாங்க! ரொட்டிக்குள்ள நான் பிள்ளையே வைக்கலையாம்!"

"யாரு சொன்னது?"

"வெண்முத்து பல் ஆஸ்பத்திரி இர்மாதான். வேற யாரு? அந்த அம்மாவுக்கு நாக்குலயே ஊசி. டாக்டரம்மாகூட ஊசி போடறதுக்கு முன்னாடி மரத்துப்போக மருந்து தடவுவாங்க."

செய்தி இதுதான். ஜனவரி ஆறாம் நாள், மூவரசர் திருநாள். அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் கட்டைவிரல் நகமளவு பிள்ளைப் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். அது எவருடைய துண்டில் அகப்படுகிறதோ அவர், பிப்ரவரி இரண்டாம் நாளாகிய மெழுகுவர்த்தித் திருநாளன்று, சோள மடலில் மாவைப் பொதிந்து அவித்த தமாலேக்களைக் கூடியிருந்த அனைவருக்கும் விருந்தாக அளித்தல் வேண்டும். அரசாங்கச் சட்டத்தை மீறியவர் அவ்வூரில் நிமிர்ந்து நடப்பதுண்டு; இந்தச் சட்டத்தை மீறியவர் தெருவில் தலைகாட்ட இயலாது. வெண்முத்து மருத்துவமனையில் ஆறு பேர் உண்டனர். ரொட்டி தீர்ந்தது, சாக்லேட் பானமும் தீர்ந்தது. பிள்ளை மட்டும் எவருக்கும் அகப்படவில்லை.

"என் கையாலதான் வெச்சேன்," என்றார் கசில்தா. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு வாட்டி மறந்ததில்ல. நாளைக்குள்ள பிள்ளை வரலன்னா, அடுத்த வருஷம் இர்மா ரொட்டியை மெஹிகாலியிலேர்ந்து வாங்குவாளாம். இந்தத் தெருவுல ஒரு ஆஸ்பத்திரி போற வழியிலதான் நாப்பதும் போகும். அப்புறம் என் அடுப்புல பூனைதான் படுத்துத் தூங்கும்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் அங்கதானே இருந்தீங்க? மூணு துண்டு சாப்பிட்டீங்களே," என்றார்.

"நாலு," என்றார் அபுந்தியோ, மெய்யையே விரும்புகிறவராதலால்.

சாயோ அன்று மெஹிகாலியில் தன் அக்காள் வீட்டில் இருந்தவள். எனவே புதிதாய்க் கேட்டாள்: "பிளாஸ்டிக் பிள்ளையா தோன்யா? மென்னு முழுங்கியிருப்பாங்க."

"அதான் இல்ல. அங்க லாப்ல பல்லு செய்யற நிகானோர் இருக்காரே, அவர் வருஷா வருஷம் பீங்கான்லயே பிள்ளை செஞ்சு குடுப்பாரு. பல்லுக்கு உறை மாட்டுவாங்களே, அதே பீங்கான்."

அபுந்தியோ எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். தொப்பி ஏறிவிட்டால் அவருக்கு அறிவும் ஏறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"சாயோ, பிள்ளையைத் தேடாதே. பல்லைத் தேடு!"

"எந்தப் பல்லை?"

"உடைஞ்ச பல்லை. அந்தப் பீங்கான் கல்லு மாதிரி. தெரியாம கடிச்சவன் பல்லு தப்பிச்சிருக்க முடியாது. ஆறு பேர்ல எவனுக்குப் பல்லு உடைஞ்சிருக்கோ அவன்தான் பிள்ளையைப் பதுக்கினவன். தமாலே செய்யப் பயந்த கஞ்சன்!"

"பல்லு உடைஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்கறது? எல்லாரும் உதட்டை மூடிக்கிட்டுத்தானே இருப்பாங்க?"

அபுந்தியோ சன்னலருகே சென்று நின்றார். அவர் குரல் கனிந்தது. "ஒரு பக்கமாவே மெல்லுவான், சாயோ. சில்லுனு தண்ணி பட்டா ஒரு கண்ணு தானா மூடிக்கும். கடிக்கும்போது அவ்வளவா வலிக்காது. கடிச்சதை விடும்போதுதான் சுரீர்னு காது வரைக்கும் ஏறும். அப்புறம் நாக்கு. அது சும்மாவே இருக்காது. மாடு உப்புக்கல்லைத் தேடிப் போற மாதிரி, அந்த இடத்தையே போய்ப் போய்த் தடவும்."

"நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்களே பாஸ்?"

"புஸ்தகத்துல படிச்சேன்."

அந்த அலுவலகத்தில் இருந்தவை இரண்டே புத்தகங்கள். ஒன்று தொலைபேசி எண்கள். மற்றதும் தொலைபேசி எண்களே, பழைய பதிப்பு.

வழியில் சாயோ நிலக்கடலைப் பாகுக்கட்டிகள் ஆறும், பனிக்கட்டி மிதக்கும் செம்பருத்திச் சாறு ஒரு பெரிய கூசாவும் வாங்கிக்கொண்டாள். கடினமானது ஒன்று, குளிர்ந்தது ஒன்று. உடைந்த பல் இவ்விரண்டுக்கும் பொய் சொல்லாது என்பது அபுந்தியோவின் திட்டம்.

வெண்முத்து மருத்துவமனையின் வாசலில், போவோர் வருவோரை எல்லாம் உள்ளே இழுக்கும் ரமிரோ நின்றிருந்தான். "பல்லு! புதுப் பல்லு! காலையில வாங்க, மத்தியானம் கடிங்க!" என்று கூவிக்கொண்டிருந்தவன், அபுந்தியோவைக் கண்டதும், "வாங்கண்ணே! இன்னைக்காவது உள்ள வந்து வாயைத் திறப்பீங்களா, இல்ல வழக்கம்போல வாசல்லயே வாயடிப்பீங்களா?" என்றான்.

அவன் சுயிங்கம் மென்றுகொண்டிருந்தான். இடப்பக்கமாக. இடப்பக்கமாக மட்டும்.

அபுந்தியோ சாயோவின் விலாவில் இடித்தார். "ரமிரோ, இந்தா, ஒரு கடலைக்கட்டி. வலது பக்கம் கடி பார்ப்போம்."

"வேணாண்ணே. வலது பக்கம் எனக்கு..."

"உனக்கு?"

"கொஞ்சம் சரியில்ல."

"பிடி அவனை!" என்று முழங்கினார் அபுந்தியோ. சாயோ பிடிக்கவில்லை, கையில் கூசா இருந்தது. அவரே அவனுடைய சட்டைக் காலரைப் பற்றி உள்ளே நடத்திச் சென்று, டாக்டர் ஒஃபேலியாவின் முன்னே நிறுத்தி, "டாக்டர், பிள்ளை திருடன்!" என்றார். முன்மேசையில் இருந்த இர்மா எழுந்து நின்றாள். காத்திருந்த கனடாக்காரப் பெரியவர் ஒருவர், பிள்ளை திருடன் என்பது கேட்டுத் தம் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார்.

டாக்டர் ஒஃபேலியா கையுறையைக் கழற்றினார். "ரமிரோவா? அவன் பல்லு டிசம்பர்லயே உடைஞ்சுடுச்சே. தெருவுல சுட்ட சோளம் கடிச்சு. ஆறாந்தேதி அந்தப் பல்லு மேல தற்காலிக உறை இருந்துச்சு. பிள்ளையைக் கடிச்சிருந்தா உறைதான் கையோட வந்திருக்கும். நிஜ உறை நாளன்னிக்குத்தான் மாட்டறேன்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றான் ரமிரோ, காலரைச் சரிசெய்துகொண்டு. "காலரைப் பிடிச்சா எங்கேர்ந்து சொல்றது?"

அபுந்தியோ தோல்வியைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டார். ஆயினும் அவர் அங்கிருந்து நகரவில்லை. "ஏன் டாக்டர், உறை எதுக்கு? சிமெண்ட்டு மாதிரி ஏதோ வெச்சு அடைச்சா போதாதா?"

"ஓட்டையா இருந்தா அடைக்கலாம். அவனுக்குப் பாதிப் பல்லு போயிடுச்சு. கூரையில ஓட்டைன்னா ஓடு மாத்தலாம்; சுவரே விழுந்துட்டா?"

"ஒரே ஒரு சுவர் மட்டும் விழுந்தா? உள்பக்கச் சுவர்?"

"எவ்வளவு விழுந்திருக்குன்னு பார்க்கணும். விரிசல் வேர் வரைக்கும் போயிருக்கான்னு பார்க்கணும். எந்தப் பல்லு?"

"பொதுவா கேக்கறேன்."

"பொதுவா கடைவாய்ப் பல்லுன்னா, உறை போட்டு இறுக்கிப் பிடிக்கறதுதான் நல்லது. இல்லைன்னா மெல்ல மெல்லப் பிளந்துகிட்டே போகும்."

"சரி. மூணு வாரம் வலிச்சு, அப்புறம் போன திங்கக்கிழமை தானாவே நின்னுட்டா? சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்? பொதுவா?"

டாக்டர் அவரை உற்று நோக்கினார். "தோன் அபுந்தியோ, ஒரு கடையில திருடன் மணி விடாம அடிச்சுகிட்டே இருந்து, திடீர்னு நின்னுட்டா, திருடன் போயிட்டான்னு படுத்துத் தூங்குவீங்களா?"

"மாட்டேன். கம்பியை அறுத்துட்டான்னு..."

"அதேதான். நரம்பு செத்துகிட்டிருக்குன்னு அர்த்தம்."

அபுந்தியோவின் நாக்கு, கன்னத்தின் உட்புறம், வலப்பக்கமாக மெல்ல நகர்ந்து சென்றதைச் சாயோ கண்டாள். மாடு உப்புக்கல்லைத் தேடிச் சென்றது. அவளுக்குத் தூசி படிந்த பெக்கான் கிண்ணம் நினைவுக்கு வந்தது. ஆயினும் அவள் அடுத்த கடலைக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நல்ல உதவியாளர், மேலதிகாரி தாமே குழியில் விழும்வரை கையை நீட்டமாட்டார்.

சோதனை தொடர்ந்தது. இர்மா கடலைக்கட்டியை வலமும் இடமுமாக நொறுக்கி, செம்பருத்திச் சாற்றை ஒரே மூச்சில் குடித்து, "இன்னும் ஏதாவது உண்டா, இல்ல இவ்வளவுதானா உங்க விசாரணை?" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கடித்தார். கூட்டிப் பெருக்கும் செலாவுக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் கட்டுப்பல். "நான் கடிச்சிருந்தா பல்லா உடையும்? தட்டே ரெண்டாப் போயிருக்கும்," என்று அவள் இரு வரிசைகளையும் உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். ஒரு கீறலும் இல்லை. கனடாக்காரப் பெரியவர், யாரும் கேளாமலேயே தம்முடையதையும் எடுத்துக் காட்டினார்.

எஞ்சியவர் நிகானோர். பின்கட்டில், சூளையின் அருகே, தலையில் மாட்டிய பெருக்குக் கண்ணாடியோடு அமர்ந்திருந்தார். கடலைக்கட்டியைக் கடித்தார், சாற்றைக் குடித்தார், முகம் மாறவில்லை. அவருக்குப் பின்னே சன்னலோரமாக, சென்ற ஆண்டுகளின் பிள்ளைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் எவருக்கு அகப்பட்டதோ அவரிடமிருந்து அவர் கெஞ்சித் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம்.

சாயோ குனிந்து பார்த்தாள். மீண்டும் பார்த்தாள். "இதெல்லாம் பிள்ளையா?"

"ஏன், எப்படி இருக்கு?"

"கடைவாய்ப் பல்லு மாதிரி இருக்கு."

நிகானோரின் முகம் வாடியது. "இருபத்தாறு வருஷமா கடைவாய்ப் பல்லே செஞ்ச கையம்மா. பிள்ளைன்னுதான் ஆரம்பிக்கறேன். கடைசியில பல்லுல போய் நிக்குது. நல்லாப் பாரு, இதோ கண்ணு."

"நான் சொத்தைன்னு நினைச்சேன்."

"இது காலு."

"வேரு இல்லையா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை நாம் அறிவோம். இங்கே பிள்ளை பிடிக்கப் பல்லாய் முடிந்திருந்தது. சாயோ வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தன் மேலதிகாரியும் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரிக்கவில்லை. சன்னலோரத்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலக்கை அரைச்சட்டைப் பையின்மேல் சென்று அப்படியே நின்றிருந்தது. முகம் பீங்கானைவிட வெளுத்திருந்தது.

"கிளம்பலாம் சாயோ," என்றார். "சில வழக்கு துப்பு துலங்காது. அதுவும் ஒரு அனுபவம்."

"ஆறு பேர்ல அஞ்சு பேரைப் பார்த்தாச்சு பாஸ்." அவள் கூசாவில் எஞ்சியதை ஒரு குவளையில் ஊற்றி நீட்டினாள். பனிக்கட்டிகள் கலகலத்தன. "தாகமா இருப்பீங்க. குடிங்க."

"எனக்குத் தாகமே இல்ல."

"பாலைவனத்துல நடந்து வந்திருக்கோம்."

"நான் ஒட்டகம் மாதிரி."

அந்நேரம் முன்கட்டில் கசில்தாவின் குரல் கேட்டது. காலையில் மாடிப்படி அதிர வந்த குரலன்று அது, தணிந்திருந்தது. "இர்மா, நான் யோசிச்சுப் பார்த்தேன். நானே மறந்துட்டேன்னு வெச்சுக்க. நாளைக்கு ஆறு பேருக்கும் தமாலே நானே கொண்டுவரேன். ஊர்ல எல்லார்கிட்டயும் நான்தான் மறந்தேன்னு சொல்லிக்க. ரொட்டியை மட்டும் வெளியூர்ல வாங்காதே."

"முன்னாடியே ஒத்துக்கிட்டிருக்கலாமே," என்றாள் இர்மா.

முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறையும் மறவாத பெண்மணி, மறந்ததாக ஒப்புக்கொண்டு நின்றார். அபுந்தியோ கதவருகே நின்று கேட்டார். வெளியே செல்லும் வழி அவருக்கு நேர் எதிரே திறந்துதான் இருந்தது. அவர் சிறிது நேரம் அவ்வழியைப் பார்த்தார். பிறகு முன்கட்டுக்கு நடந்து, அரைச்சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, இர்மாவின் மேசைமேல் வைத்துத் திறந்தார்.

பஞ்சின்மேல் வெண்மையாக ஒன்று கிடந்தது.

"இது என் பல்லு," என்றார். "பல்லுன்னுதான் இந்த நிமிஷம் வரைக்கும் நினைச்சுகிட்டிருந்தேன். அன்னைக்கி ரெண்டு பெக்கானை ஓட்டோட உடைச்சுக் காட்டினேன். ரமிரோ கைதட்டினான். அப்புறம் ரொட்டியைக் கடிச்சேன், உள்ள நறுக்குனு சத்தம். பல்லு உடைஞ்சது கொட்டையோட வேலைன்னு நினைச்சு, யாருக்கும் தெரியாம கைக்குட்டையில துப்பி எடுத்துகிட்டேன். முப்பது வருஷமா பல்லு பல்லுன்னு பீத்திகிட்டு, பல் டாக்டர் வீட்டு விருந்துல எப்படிச் சொல்றது? எப்பவாவது ஒட்ட வெச்சுக்கலாம்னு..."

அவர் முடிக்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்த நிகானோர் அதைக் கையில் எடுத்து, பெருக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "என் பிள்ளை! ஒரு கீறல்கூட இல்ல!" என்று கூவி முத்தமிட்டார்.

"மாமா, அது இவர் வாயிலேர்ந்து வந்தது," என்று நினைவூட்டினாள் இர்மா. நிகானோர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் பல்லு எங்க?" என்றார் அபுந்தியோ.

டாக்டர் ஒஃபேலியா கைவிளக்கை எடுத்தார். "காட்டுங்க."

லோஸ் அல்கோதோனெசில் முப்பது ஆண்டுகளாக எவரும் காணாத அந்த வாய் திறந்தது. ரமிரோ வாசலை விட்டுவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தான்.

"கீழ் வரிசை, வலது பக்கம். உள்பக்கச் சுவர் முழுசாக் காணோம்," என்றார் டாக்டர்.

"பாஸ்," என்றாள் சாயோ மெதுவாக, "பிள்ளையைப் பத்திரமா எடுத்து வெச்சுகிட்டு, பல்லை முழுங்கிட்டீங்க. இதுல 'இழந்தவை மீட்டுத் தரப்படும்'னு போர்டு வேற."

கசில்தாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் சிரித்து முடிக்கும்வரை இர்மா மேசைமேலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கசில்தா, நான் சொன்னது தப்பு. அடுத்த வருஷம் ரெண்டு ரொட்டியா அனுப்பு," என்றாள். சற்றே நிறுத்தி, "பிள்ளை பிளாஸ்டிக்லயே இருக்கட்டும்," என்றாள்.

"அதெல்லாம் முடியாது!" என்றார் நிகானோர்.

டாக்டர் விளக்கை அணைத்தார். "தோன் அபுந்தியோ, பொதுவா சொல்லல, உங்களுக்கே சொல்றேன். படம் எடுத்துப் பார்க்கணும். வேர் நல்லா இருக்கும்னு நினைக்கறேன். இப்பவே வந்தீங்கன்னா வேர் வைத்தியம் பண்ணி, மேல ஒரு உறை போட்டுடலாம். உங்க பல்லு உங்களோடயே இருக்கும். இன்னும் ரெண்டு மாசம் புஸ்தகம் படிச்சுகிட்டு இருந்தீங்கன்னா பிடுங்கணும். அப்புறம் அந்த இடத்துக்குப் பாலம் கட்டணும். அதுக்கு ரெண்டு பக்கத்து நல்ல பல்லையும் செதுக்கணும். இல்லைன்னா எலும்புல திருகு இறக்கணும்."

"உறை யார் செய்வாங்க?"

"நிகானோர்தான்."

"கண்ணு மூக்கெல்லாம் வெக்க மாட்டாரே?"

"கவலைப்படாதீங்க," என்றார் நிகானோர். "பல்லுன்னா என் கைக்குத் தப்பாது."

உள்ளறையில் அந்த நீண்ட நாற்காலி காலியாக இருந்தது. அபுந்தியோ அதைப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று எண்ணி ரமிரோ வாசலை மறித்து நின்றான். அதற்குத் தேவை ஏற்படவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிச் சாயோவிடம் கொடுத்தார்.

"தோன்யா கசில்தா, நாளைக்கு எல்லாருக்கும் தமாலே நான் போடறேன். நீங்கதான் செஞ்சு குடுக்கணும். எனக்கு மாவு பிசையத் தெரியாது. கனடாக்காரங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்கங்க." பிறகு டாக்டரிடம் திரும்பினார். "இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. நான் உக்கார்றேன்."